சொட்டு கன்னத்துல விழுந்த கேஸு: முடக்குவாதமும் காஞ்சு போன கண்ணும்

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன கண் கிளினிக்ல ஆப்டோமெட்ரிஸ்ட். அதாவது டாக்டர் பாக்கதுக்கு முந்தி பவர் பாக்கது, பிரஷர் பாக்கது, கண்ணுல பேப்பர் மாட்டி அளக்கது எல்லாம் என் வேலை. தெனமும் பத்து பேரு "கண்ணு காந்துது"ன்னு வருவாங்க, அதுல எட்டு பேருக்கு ஒரு சொட்டு மருந்துல முடிஞ்சிரும். இந்த கேஸ் அப்படி முடியல, அதுக்கு பாதி காரணம் நோய், மீதி காரணம் நான் பாக்க வேண்டியத பாக்காதது. அந்த அக்காகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரும் வீடு இருக்க எடமும் போடல.

அக்காவுக்கு 54 வயசு, கருங்கல் பக்கம். இருபது வருசத்துக்கு மேல அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரில, பருப்புக்க தோலு உரிக்க வேலை, விரலு வீங்கி மடக்க முடியாம ஆனப்புறம் நாலு வருசமா போகல. முடக்குவாதம், அதாவது டாக்டர்மாரு ஆர்.ஏ.ன்னு சொல்லுறது, கண்டுபிடிச்சு ஆறு வருசம் ஆச்சு. போன ஜூன்ல நல்ல மழையும் காத்துமா இருந்த ஒரு நாளு வந்தாங்க, வந்து உக்காந்ததும் சொன்ன வார்த்தை இது: "மக்களே, கண்ணுல இருந்து வெள்ளமா கொட்டுது, ஆனா உள்ள மணலு கெடக்க மாதிரி இருக்கு, இது என்ன எளவுன்னு பாரு." காலையில எந்திரிச்சா இமை ஒட்டிக்கிட்டு தொறக்க வராதாம், வெரல வச்சு பிரிக்கணுமாம், பிரிக்கையில ஏதோ கிழியிற மாதிரி ஒரு வலி.

பையில மூணு பாட்டில் இருந்துச்சு. ஒண்ணு அலர்ஜிக்குன்னு ஒரு எடத்துல குடுத்தது. இன்னொண்ணு சாதாரண லூப்ரிகேட்டிங் டிராப்ஸ். மூணாவது மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம வாங்கினது, அதுல ஸ்டீராய்டு சேந்திருக்கு. "இதுதான் மக்களே கொள்ளாம், விட்டா நாலு நாளு சொகமா இருக்கும்"னு சொன்னாங்க. இருக்கும், ஏன்னா ஸ்டீராய்டு எந்த வீக்கத்தையும் அமத்தும். ஆனா டாக்டர் பாக்காம மாசக்கணக்கா விட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு போகும், புரை சீக்கிரம் வரும், கருவிழியில புண்ணு இருந்தா அது உள்ளுக்குள்ள பரவும். அக்காவுக்கு பிரஷர் 15, 16ன்னு நல்லாத்தான் இருந்துச்சு, தப்பிச்சாங்க. அந்த பாட்டில அன்னைக்கே வாங்கி வச்சுட்டோம்.

"கண்ணுல தண்ணி கொட்டுது, நீ காயுதுன்னு சொல்லுதே"ன்னு அக்கா மட்டுமில்ல எல்லாருமே கேப்பாங்க. கண்ணுல எப்பவும் நிக்கிற கண்ணீர் வேற, வெங்காயம் வெட்டையில வாறது வேற. எப்பவும் நிக்கிறதுல மேல ஒரு எண்ணெய்ப் படலம், நடுவுல தண்ணி, அடியில கண்ணுல ஒட்டிப் பிடிக்கிற சளி மாதிரி ஒரு பசை, மூணும் சேந்தாத்தான் கண்ணு மேல நிக்கும். அந்த நடுத் தண்ணி கொறைஞ்சா கருவிழி உரசும், உரசினா மூளைக்கு சேதி போகும், உடனே அவசரத்துக்கு வெறும் தண்ணியா ஒரு வெள்ளம் வரும். அது கன்னத்துல ஒழுகிப் போகுமே தவிர கண்ணுல தங்காது. மழை பெஞ்சும் கெணத்துல தண்ணி ஊறாத மாதிரின்னு சொன்னேன், உடனே புரிஞ்சுக்கிட்டாங்க.

அப்புறம் நான் கேட்ட ஒரு கேள்விதான் இந்த கேஸ கொஞ்சம் தொறந்துச்சு: "அக்கா, வாயும் காயுதா?"

பையில இருந்து ஒரு தண்ணி பாட்டில எடுத்து காட்டினாங்க. "இது இல்லாம நான் பஸ்ஸு ஏற மாட்டேன். புட்டு திங்கதே விட்டாச்சு மக்களே, தொண்டையில மாவு மாதிரி அடைச்சுக்கிடும், கஞ்சிதான் எறங்கும்." ராத்திரி ரெண்டு மூணு தடவ எந்திரிச்சு தண்ணி குடிப்பாங்களாம், வீட்டுல எல்லாரும் சுகர்னு நெனச்சு ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்து நார்மல்னு வந்துச்சாம். மூணு வருசத்துல நாலு பல்லு போச்சு. வாய் காயுதேன்னு பகல் முழுக்க மிட்டாய் சப்பிட்டே இருந்திருக்காங்க, எச்சி இல்லாத வாயில சக்கரை கெடந்தா பல்லு என்னாகும்னு சொல்லவே வேண்டாம். பல்லுக்கு பல் டாக்டர், மூட்டுக்கு மூட்டு டாக்டர், கண்ணுக்கு கண் டாக்டர்னு மூணு எடத்துலயும் சீட்டு இருக்கு, ஒரு சீட்டுல இருக்கது இன்னொருத்தருக்கு தெரியாது. அக்காவ கொறை சொல்ல முடியாது, பல்லு வலிக்கு போன எடத்துல யாராவது கண்ணப் பத்தி சொல்லுவாங்களா.

மாத்திரை லிஸ்ட்டு: மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம் வாரத்துக்கு ஒரு தடவ, ஞாயித்துக்கெழம. (இத ஒரு தடவயாவது எழுதியே ஆகணும், வாரம் ஒரு தடவ மட்டும், தெனமும் தப்பா போட்டு உசிரு போன ஆளுங்க உண்டு.) கூட ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்ஸி குளோரோகுயின் 200. அதோட மூக்கு ஒழுகுதுன்னு தெனமும் ராத்திரி ஒரு செட்ரிசின், யாரும் எழுதிக் குடுக்கல, பழகிப்போச்சு. இந்த கடைசி மாத்திரை கண்ணையும் வாயையும் இன்னும் காய வைக்கும். மூக்கு ஒழுகலுக்கு எங்க டாக்டர் வேற வழி சொல்லி அத நிறுத்தச் சொன்னாங்க.

டெஸ்டுக்கு வாறேன். ஷிர்மர் டெஸ்ட்னா 5 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு ஃபில்டர் பேப்பர் துண்டு, முனைய மடக்கி கீழ் இமையில வெளிப்பக்கமா தொங்க விட்டு, கண்ண மூடச் சொல்லி 5 நிமிசம் காத்திருக்கணும். நல்ல கண்ணுன்னா கண்ணீர் பேப்பர்ல ஊறி 10, 15 மில்லிமீட்டர்னு தாண்டிப் போகும். 5க்கு கீழ நின்னா மோசம். அக்காவுக்கு வலது 3, இடது 4. அடுத்து மஞ்சள் சாயம், ஃப்ளூரசின், கண்ணுல தொட்டு நீல வெளிச்சத்துல பாத்தா கண்ணீர்ப் படலம் எத்தன செகண்ட்ல உடையுதுன்னு தெரியும். பத்து செகண்டாவது நிக்கணும், அக்காவுக்கு 4 செகண்ட்ல ஓட்டை விழுந்துச்சு. கருவிழிக்க கீழ் பாதி முழுக்க பச்சப் புள்ளி புள்ளியா, ஊசி வச்சு குத்தின மாதிரி, அதெல்லாம் உரசிப் புண்ணான எடம். இடது கண்ணுல காஞ்ச சளி திரண்டு ஒரு சின்ன நூலு மாதிரி கருவிழியில ஒட்டிக்கிட்டு, இமைக்கையில எல்லாம் ஆடுது. அந்த நூலு இழுபடுறதுதான் அந்த கிழியிற வலி. டாக்டர் மருந்து விட்டு மரக்க வச்சு அத எடுத்து விட்டாங்க.

மூட்டு டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தோம். நாகர்கோவில் போய் ரத்தம் குடுத்து வந்ததுல ஆன்டி ரோ, அதாவது ஒடம்பு தன்னையே தாக்குறதக் காட்டுற ஒரு எதிர்ப்புப் பொருள், பாசிட்டிவ். ஷோக்ரென் சிண்ட்ரோம், அதாவது ஒடம்புல காவலுக்கு இருக்க வெள்ளணுக்களே கண்ணீர் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் எதிரின்னு நெனச்சு அரிக்கிறது. முடக்குவாதத்துல இதே காவல்காரன் மூட்டுக்க உள்ஜவ்வ அரிக்கான், அதனால ரெண்டும் சேந்து வாறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. ஹென்ரிக் ஷோக்ரென்னு சுவீடன் நாட்டு கண் டாக்டர் 1933ல கண்ணு காஞ்ச 19 பொம்பளைகளப் பத்தி ஆராய்ச்சி எழுதினாரு, அதுல 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்துச்சு. கண்ணு டாக்டர் ஒருத்தர் வாயையும் மூட்டையும் சேத்துக் கேட்டதாலதான் இந்த நோய்க்கே ஒரு பேரு வந்துச்சு, நாம தொண்ணூறு வருசம் கழிச்சும் தனித்தனியா சீட்டு எழுதிட்டு இருக்கோம்.

ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சோம். கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், 10 மில்லி பாட்டில், ஒரு நாளைக்கு ஆறு தடவ. ராத்திரி படுக்கையில ஜெல் மாதிரி களிம்பு. சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதம் ரெண்டு நேரம், இது வெறும் ஈரம் குடுக்கதில்ல, சுரப்பியில நடக்க சண்டைய அமத்த பாக்கும், ஆனா பலன் தெரிய மூணு மாசம் வரைக்கும் ஆகலாம், மொதல்ல நல்லா எரியவும் செய்யும். எரியும்னு முன்கூட்டியே சொல்லலன்னா ஆளுங்க மூணாம் நாளே தூக்கிப் போட்டுருவாங்க.

நாலு வாரம் கழிச்சு வந்தாங்க. பச்சப் புள்ளி அப்படியே இருக்கு. இன்னொரு நூலு. நான் கேட்டேன், "ஒழுங்கா விடுதியளா அக்கா?" "விடாம இருப்பேனா மக்களே, ஒரு மாசத்துல நாலு பாட்டில் வாங்கியாச்சு." நான் மனசுக்குள்ள நல்ல பேஷண்ட்னு நெனச்சு சீட்டுல டிக் போட்டேன். இங்கதான் நான் கோட்டை விட்டது. 10 மில்லின்னா சுமாரா 200 சொட்டு. ரெண்டு கண்ணுக்கும் ஆறு தடவன்னா நாளைக்கு 12 சொட்டு, ஒரு பாட்டில் 16 நாளாவது வரணும். மாசம் ரெண்டு பாட்டில் போதும், நாலு வாங்கினா மீதி எங்க போச்சுன்னு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்கு தெரியும், எனக்கு தெரியல.

மருந்து கெட்டுப்போகாம இருக்க சேக்க ப்ரிசர்வேட்டிவ் ஒத்துக்கலையோன்னு நெனச்சு டாக்டர் அது இல்லாத மருந்துக்கு மாத்தினாங்க, அது வயல்னு சொல்லுற, ஒரு தடவ விட்டுட்டு தூக்கிப் போடுற குட்டி பிளாஸ்டிக் குப்பியில வரும். அதுவும் சரியான யோசனைதான், அடிக்கடி மருந்து விடுறவங்களுக்கு பென்சால்கோனியம் குளோரைடு மாதிரி ப்ரிசர்வேட்டிவே கருவிழிய கெடுக்கும். ரெண்டு வாரம் போச்சு.

ஜூலை கடைசியில ஒரு நாளு, நல்ல கூட்டம், அக்கா வெளிய பெஞ்சுல இருந்தாங்க. நான் ஃபைல் எடுக்க வெளிய வந்தேன். அக்கா பையில இருந்து ஒரு வயல எடுத்தாங்க, அதுக்க மூடிய திருகித் திருகி பாத்தாங்க, விரலு வழுக்குது. சுத்தி ஒரு பார்வ பாத்துட்டு வாயில வச்சு பல்லால கடிச்சு இழுத்தாங்க. பாதி மருந்து அங்கேயே போச்சு. தலைய பின்னால சாய்க்க பாத்தாங்க, கழுத்து கொஞ்சம்தான் போச்சு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேராது, பெருவிரலு இசட் மாதிரி வளைஞ்சு நிக்குது, அதனால வயல ரெண்டு விரலுக்க பக்கவாட்டுல இடுக்கி அமுக்குறாங்க. மொதச் சொட்டு புருவத்துல. ரெண்டாவது கன்னத்துல. மூணாவது இமை முடியில பட்டு தொங்குச்சு, அத கண்ண சிமிட்டி உள்ள தள்ளப் பாத்தாங்க. அப்புறம் முந்தானைய எடுத்து மொகத்த தொடச்சுக்கிட்டு, மிச்சம் இருந்த வயல பேப்பர்ல சுத்தி பையில வச்சாங்க, சாயங்காலத்துக்கு.

நான் ஃபைலோட அங்கேயே நின்னேன். இருபது வருசம் ஒரு பருப்பு உடையாம தோலு உரிச்ச கை அது.

உள்ள கூப்பிட்டு, பழைய பாட்டில குடுத்து விடச் சொன்னேன். அதுவும் அதே கதைதான், அஞ்சு சொட்டுல ஒண்ணு கண்ணுல. ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு "கையி முடியாதது ஒரு வெசயமா மக்களே, அது எனக்க பழைய கேடு, நீ கண்ணத்தானே பாக்கிய"ன்னாங்க. காலையில பத்து மணி வரைக்கும் விரலு மரக்கட்டையா இருக்கும், அந்த நேரத்துலதான் கண்ணு ரொம்ப காஞ்சிருக்கும், அப்பதான் சொட்டு ரொம்பத் தேவை, அப்பதான் விட முடியாது. மருமவ காலையில ஏழு மணிக்கே வேலைக்கு போயிருவா, வீட்டுக்காரரு ரப்பர் பால் வெட்டப் போனா பத்து மணிக்குத்தான் வருவாரு.

அதனால மொத வேலையா மருந்துல ஒரு படி பின்னால போனோம். குட்டி வயல் மருந்தா நல்லது, ஆனா வாயில கடிச்சு தொறந்தா எச்சியும் கிருமியும் அதுல, தொறந்தத நாள் முழுக்க வச்சு விட்டா அதுக்கு ப்ரிசர்வேட்டிவ் இல்லாததே வினை. கத்திரியால வெட்டலாமேன்னு அக்கா கேட்டாங்க, வெட்டின முனை கூரா இருக்கும், கண்ணுல குத்திரும். வால்வு வச்ச ப்ரிசர்வேட்டிவ் இல்லாத பெரிய பாட்டில்களும் இருக்கு, ஆனா அது அமுக்க ரொம்ப கட்டி, அக்காவால ஒரு சொட்டு வரவைக்க முடியல, வெலையும் கூட. கடைசியில டாக்டர் ஸ்டெபிலைஸ்டு ஆக்ஸிகுளோரோ காம்ப்ளெக்ஸ்னு ஒரு சாதுவான ப்ரிசர்வேட்டிவ் இருக்க பழைய மெத்து பாட்டிலுக்கே திரும்பினாங்க, அது வெளிச்சம் பட்டா உடைஞ்சு போயிரும், பென்சால்கோனியம் மாதிரி கடுமை இல்ல. புஸ்தகத்துல இது ரெண்டாம் இடந்தான். ஆனா கண்ணுல விழுற ரெண்டாம் மருந்து கன்னத்துல விழுற மொதல் மருந்த விட எனக்கு பெருசு.

அப்புறம் விடுற முறை. நின்னுக்கிட்டோ உக்காந்தோ தலைய சாய்க்க வேண்டாம், முடக்குவாதம் கழுத்தெலும்பையும் பிடிக்கும், அத வம்பா வளைக்கக் கூடாது. கட்டில்ல தலகாணி வச்சு மல்லாக்க படுத்து, ரெண்டு கண்ணையும் மூடி, மூக்குப் பக்கத்து மூலையில, பீளை வாற குழியில, ஒரு சொட்டு விடணும். அது அங்க குளமா நிக்கும். அப்புறம் கண்ண தொறந்து நாலு தடவ சிமிட்டினா உள்ள போயிரும். ஒரு சொட்டு போதும், அதுக்கு மேல கண்ணு கொள்ளாது. இன்னொரு மருந்துன்னா 5 நிமிசம் விட்டு, களிம்பு எப்பவும் கடைசி.

பாட்டில பிடிக்கதுக்கு வீட்டுக்காரரு ஒரு வேலை பண்ணினாரு. நான் சும்மா பாட்டில தடிமனாக்கினா நல்லதுன்னு சொன்னேன், அவரு பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச ரெண்டு பக்கமும் வச்சு, பழைய சைக்கிள் டியூப்ப வளையமா வெட்டி மாட்டிவிட்டாரு. இப்ப விரலால கிள்ள வேண்டாம், முழு கைய பொத்தி பிடிச்சு, அந்த கைய மூக்குத்தண்டுல ஊனி, மத்த உள்ளங்கையால அமுக்கினா ஒரு சொட்டு. என் ரூம்ல பெட்டுல படுக்க வச்சு ஆறு தடவ பழக்கினோம், ஆறுல அஞ்சு உள்ள. அக்கா எந்திரிச்சு உக்காந்து "இம்புட்டுதானா"ன்னு கேட்டது எனக்கு கொஞ்சம் குத்திச்சு.

மத்த காரியமெல்லாம் சின்னச் சின்னது. அடுப்புல கொதும்பும் சூட்டும் வச்சு எரிக்க நேரத்துல மருமவ நிப்பா, அக்கா தள்ளி இருக்கணும். ஃபேன் மொகத்துல அடிக்காம கால் பக்கமா திருப்பியாச்சு. வெதுவெதுன்னு தண்ணியில துணிய நனைச்சு மூடின கண்ணு மேல 5 நிமிசம், இமையில எண்ணெய் சுரக்க வழி அடையாம இருக்க. மிட்டாய்க்கு பதிலா சக்கரை இல்லாத சூயிங்கம், அதையும் "கெழவி பபிள்கம் திங்குது"ன்னு பேரப்பிள்ளை கிண்டல். பல் டாக்டர்கிட்ட ஃப்ளோரைடு வச்சுட்டு வந்தாங்க.

கண்ணாடிதான் பெரிய பஞ்சாயத்து. ஆரல்வாய்மொழில மவளக் கெட்டிக் குடுத்திருக்கு, ஆனி ஆடில அந்த கணவாய்க்குள்ள அடிக்க காத்து எப்படின்னு நம்ம ஊருக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், முப்பந்தல்ல கரண்டு எடுக்க காத்தாடி சும்மா நட்டு வைக்கல. பஸ்ஸு ஜன்னலோரம் இருந்து போனா எறங்கையில கண்ணு செவசெவன்னு இருக்கும். பக்கவாட்டுல மூடின கண்ணாடி போடச் சொன்னா "கூலிங் கிளாஸ் போட்டு பஸ்ஸுல போனா ஊரு சிரிக்கும்". கடைசியில அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, கேட்டா கண் ஆப்பரேஷன் செஞ்சிருக்குன்னு சொல்லிருவாங்களாம், அதுக்கு சீட்டு விட்டு எந்திரிச்சு குடுக்கவும் செய்யுறாங்களாம்.

நடுவுல ரெண்டு வைத்தியம் வந்து போச்சு. மருமவளுக்க அம்மை இளநீர் குழம்புன்னு கண்ணுல விடுற ஒரு ஆயுர்வேத மருந்து குடுத்து விட்டாங்க. நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கும், விட்டா பிடுங்கி எரிஞ்சு தண்ணி கொட்டும், கொட்டி முடிஞ்சா தெளிவா இருக்க மாதிரி தோணும். நல்ல கண்ணுக்காரங்க பாடு எப்படியோ, கருவிழியில புண்ணு புண்ணா இருக்க கண்ணுல அத விடாதீங்கன்னு கண்டிப்பா சொன்னேன். இன்னொண்ணு மீன் எண்ணெய் மாத்திரை. அமெரிக்காவுல ட்ரீம்னு பெரிய ஆராய்ச்சி நடத்தி 2018ல முடிவு வந்துச்சு, ஒரு வருசம் ஒமேகா 3 தின்னவங்களுக்கும் சும்மா ஆலிவ் எண்ணெய் தின்னவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அதனால மாத்திரைக்கு காசு போட வேண்டாம், சாளை கிடைச்சா மரச்சீனிக்கு தொட்டுக்க கறி வச்சு தின்னுங்க, அது நல்லாருக்கும்னு தின்னுங்க.

அக்டோபர் கடைசியில திரும்ப அளந்தோம். ஷிர்மர் வலது 4, இடது 5, பெருசா ஏறல. சுரப்பி ஒரு அளவுக்கு போனா போனதுதான், அது பழையபடி ஊறும்னு யாருக்கும் நான் சொல்றதில்ல. ஆனா படலம் 7 செகண்ட் நின்னுச்சு, பச்சப் புள்ளி கீழ் ஓரத்துல கொஞ்சம், நூலு இல்ல. காலையில இமை ஒட்டுறது நின்னு போச்சு. மாசத்துக்கு ரெண்டு பாட்டில். வீக்கம் அமந்ததால நவம்பர்ல ரெண்டு கண்ணுலயும் கீழ் இமை ஓட்டையில சிலிகான் பிளக் வச்சோம், இருக்க கொஞ்ச கண்ணீரும் மூக்குக்குள்ள வடிஞ்சு போகாம தடுக்க. அரிசியில கால்வாசி கூட இருக்காது அது.

ஹைட்ராக்ஸி குளோரோகுயின் விசயத்தையும் இதுலதான் பிடிச்சோம். ஆறு வருசமா தின்னுறாங்க, ஒரு தடவ கூட விழித்திரை பாக்கல. அந்த மாத்திரை கண்ண காய வைக்காது, ஆனா வருசக்கணக்கா தின்னா சிலருக்கு விழித்திரைக்க நடுவ பாதிக்கும், அதனால ஆரம்பிச்ச மொத வருசத்துக்குள்ள ஒரு தடவ, 5 வருசம் தாண்டினா வருசா வருசம் விழித்திரைய அடுக்கடுக்கா படம் எடுக்க ஓ.சி.டி. ஸ்கேனும், பார்வை எவ்வளவு தூரம் விரியுதுன்னு பாக்க ஃபீல்டு டெஸ்டும் வேணும். அளவு ஒரு நாளைக்கு, ஒடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், அக்கா 52 கிலோ, 200ங்கிறது சரிதான். ஸ்கேன் நல்லாருந்துச்சு. பயந்து அந்த மாத்திரைய அவங்களா நிறுத்திறக் கூடாதுன்னும் சேத்து சொல்லி விட்டோம், மூட்டு அடங்கினாத்தான் மீதி எல்லாம்.

ஒரே ஒரு பேப்பர் மட்டும் பெரிய எழுத்துல எழுதிக் குடுத்திருக்கேன். கண்ணுக்குள்ள குடையிற மாதிரி வலி, ராத்திரி தூக்கத்த கெடுக்க வலி, ஒரு கண்ணு மட்டும் கடுஞ்செவப்பு, வெளிச்சம் பாக்க முடியல, பார்வ மங்குது, இதுல எது வந்தாலும் சொட்டு விட்டு பாத்துட்டு இருக்காம அன்னைக்கே வரணும். முடக்குவாதக்காரங்களுக்கு கண்ணுக்க வெள்ளைப்பகுதி வீங்கலாம், கருவிழி ஓரம் கரைஞ்சு மெலிஞ்சு ஓட்டையும் விழலாம், அது காஞ்ச கண்ணு இல்ல, அவசரம். காதுக்கு கீழ கன்னம் வீங்கி அப்படியே நின்னா அத மூட்டு டாக்டர்கிட்ட காட்டணும். அந்த பேப்பர் ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்காம்.

இப்ப என் பழக்கம் ஒண்ணு மாறிருக்கு, மூட்டுவாதம்னு எழுதின யாரு வந்தாலும் "ஒழுங்கா விடுதியளா"ன்னு கேக்கதில்ல, பாட்டில கையில குடுத்து "ஒண்ணு விட்டு காட்டுங்க"ன்னுதான் சொல்லுறேன்.

பிப்ரவரியில அக்கா வந்தப்ப வலது பக்க பிளக்கு காணல, எங்கேயோ விழுந்திருக்கு, கண்ண கசக்கினியளான்னு கேட்டா இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணாங்க, ஆனா பேசிட்டு இருக்கையிலயே கை ரெண்டு தடவ கண்ணுக்கு போச்சு. அடுத்த மாசம் ஒரு சைஸ் பெருசா வச்சு பாக்கணும். கூட ஒரு பொம்பளையும் வந்திருந்தாங்க, அண்டி ஆபீஸ்ல பழைய கூட்டுக்காரியாம், அவங்களுக்கும் விரலு வீக்கம், கண்ணு காந்தல். நான் இன்னும் வாயே தொறக்கல, அக்கா அந்த டியூப் சுத்தின பாட்டில பையில இருந்து எடுத்து அவங்க கையில குடுத்துட்டு, "நீ மொதல்ல அங்க போய் மல்லாக்க படு பிள்ளே"ன்னு பெட்ட காட்டினாங்க.